முத்துக்குளித்தவரின் மூச்சுக்கணக்கு

வேகப் பனிச்சறுக்கு என்ற விளையாட்டை நம்மில் பலர் தொலைக்காட்சியில் மட்டுமே பார்த்திருப்போம். பனித்தளத்தில், இடுப்பை வளைத்து, முழங்காலை மடக்கி, கிட்டத்தட்ட உட்கார்ந்த நிலையிலேயே வீரர்கள் பறப்பார்கள். காற்றின் எதிர்ப்பைக் குறைக்கத்தான் அந்தக் குனிவு. ஆனால் அதற்கு உடல் ஒரு விலை கொடுக்கிறது. மடங்கிய நிலையில் தொடைத்தசை நீண்ட நேரம் இறுகியே இருப்பதால் அதற்குள் ரத்தம் சரியாகப் பாய்வதில்லை. ரத்தம் குறைந்தால் ஆக்சிஜன் குறையும். ஆக்சிஜன் குறைந்தால் லாக்டிக் அமிலம் சேரும், கால் கனக்கும், வேகம் விழும்.

இன்றைய பயிற்சியாளர்கள் இந்தக் களைப்பை அளக்கிறார்கள். தொடையில் மின்முனைகளை ஒட்டித் தசையின் மின்துடிப்பைப் பதிவு செய்கிறார்கள். தோல் வழியே ஒளியைச் செலுத்தி, உள்ளே எவ்வளவு ஆக்சிஜன் மிச்சம் என்று பார்க்கிறார்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து லாக்டிக் அளவைச் சொல்கிறார்கள். வீரர் "முடியவில்லை" என்று சொல்வதற்கு முன்பே கருவி சொல்லிவிடுகிறது!

சரி, இதற்கும் பனியே பார்த்திராத தூத்துக்குடிக்கும் என்ன சம்பந்தம்?

இருக்கிறது. ரத்தமும் ஆக்சிஜனும் குறைந்த தசையை வைத்துக்கொண்டு, நாள் முழுக்கத் திரும்பத் திரும்ப ஒரே வேலையைச் செய்தவர்கள் மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பவர்கள். கொற்கை காலம் தொட்டு 1961 வரை அவர்கள் மூழ்கியிருக்கிறார்கள். அவர்களுடைய களைப்பை யாராவது அளந்தார்களா? அளந்தார்கள் என்றால் எதை வைத்து அளந்தார்கள்? இந்தக் கேள்விக்குப் பதில் தேடினால் ஒரு சுவையான வரலாறு கிடைக்கிறது. கொஞ்சம் வருத்தமான வரலாறும்கூட.

சலாபம் எப்படி நடந்தது?

முதலில் தொழிலைப் புரிந்துகொள்வோம். கடலடியில் பாறைத் திட்டுகள் உள்ள இடங்களுக்குப் 'பார்' என்று பெயர். முத்துச்சிப்பிகள் அங்கேதான் ஒட்டி வளரும். எல்லா வருடமும் சிப்பி கிடைக்காது. பல வருடம் காத்திருந்து, சிப்பி முற்றியது என்று உறுதியான பிறகுதான் அரசு சலாபம் அறிவிக்கும். முத்துக்குளிப்பு நடக்கும் அந்தச் சில வாரங்களுக்குத்தான் சலாபம் என்று பெயர்.

வளைகுடா ஒன்று, கரை இரண்டு. இந்தப் பக்கம் தூத்துக்குடி, அந்தப் பக்கம் இலங்கையின் மன்னார் கரை. இலங்கையில் சலாபம் என்றால் முத்துக்குளித்துறைப் பரதவர்களும், கீழக்கரை, காயல்பட்டினம் பக்கத்து முஸ்லிம்களும் தோணி ஏறி அங்கே போவார்கள். அரபு நாட்டிலிருந்தும் ஆட்கள் வருவார்கள். ஆகவே இலங்கைச் சலாபத்தைப் பற்றி ஐரோப்பியர்கள் எழுதி வைத்த குறிப்புகளில் பாதி நம் கரை மக்களைப் பற்றியதுதான்.

இரவில் தரைக்காற்று வீசும்போது தோணிகள் புறப்படும். விடிவதற்குள் பாரை அடைந்துவிடும். சூரியன் உதித்ததும் மூழ்க ஆரம்பிப்பார்கள். நண்பகலில் கடற்காற்று எழுந்ததும் வேலை நிற்கும், கரை திரும்புவார்கள்.

மூழ்குகிறவர் ஒரு கனமான கல்லில் கட்டிய கயிற்று வளையத்தில் காலை நுழைத்துக்கொள்வார். மூச்சை இழுத்து, மூக்கைக் கையால் பிடித்துக்கொண்டு கயிற்றை விடச் சொல்வார். கல் அவரை நேராக அடியில் கொண்டு சேர்க்கும். இறங்கியதும் காலை எடுத்துவிட, மேலே இருப்பவர் கல்லை இழுத்துக்கொள்வார். கீழே இருப்பவர் கைக்கெட்டிய சிப்பிகளைப் பறித்து வலைப்பையில் போட்டுக் கயிற்றை அசைப்பார். பை மேலே போகும், அவரும் கயிற்றைப் பிடித்து மேலே வருவார்.

இந்தக் கல்லைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். நீந்தி இறங்கினால் போகும்போதே பாதி மூச்சு செலவாகிவிடும். கல்லோடு இறங்கினால் தசைக்கு வேலையே இல்லை. மொத்த மூச்சும் கீழே சிப்பி பறிக்கக் கிடைக்கும். வணிகவியல் பாஷையில் சொன்னால், போக்குவரத்துச் செலவை மிச்சம் பிடித்து முழு முதலையும் உற்பத்தியில் போட்ட மாதிரி!

பிரார்த்தனையில் அளந்த மூச்சு

நீருக்குள் எவ்வளவு நேரம் இருந்தார்கள்? வந்து பார்த்த ஒவ்வொரு வெளிநாட்டவரும் முதலில் கேட்ட கேள்வி இதுதான்.

17ஆம் நூற்றாண்டில் இலங்கையில் இருந்த போர்ச்சுகீசியப் படைவீரர் ஜோவாவ் ரிபெய்ரோ, இரண்டு தடவை விசுவாசப் பிரமாணம் சொல்லும் நேரம் என்று எழுதினார். கையில் கடிகாரம் இல்லாத காலம், மனப்பாடமான ஜெபம்தான் கடிகாரம்.

அடுத்து வந்தவர்கள் அளவை நிமிடத்துக்கு மாற்றினார்கள். அங்கேதான் குழப்பம் ஆரம்பித்தது. 1803இல் இலங்கை பற்றிப் புத்தகம் வெளியிட்ட ராபர்ட் பெர்சிவல், வழக்கமாக 2 நிமிடம், சிலர் 4, 5 நிமிடம் என்றார். 1797இல் அஞ்சுதெங்கிலிருந்து வந்த ஒருவர் முழுதாக 6 நிமிடம் இருந்தார் என்றும் எழுதினார். அதே 1797 சலாபத்தைப் பற்றி எழுதிய லெ பெக் என்பவர் ஒரு படி மேலே போய், காரைக்காலிலிருந்து வந்த ஓர் ஆப்பிரிக்கச் சிறுவன் 7 நிமிடம் இருந்ததாகச் சொன்னார்.

இந்தக் கதைகளுக்கு முற்றுப்புள்ளி வைத்தவர் ஜேம்ஸ் ஸ்டூவர்ட். இலங்கை முத்துப்பார்களின் கண்காணிப்பாளராகப் பல ஆண்டுகள் இருந்தவர். வருடக்கணக்கில் பார்த்த அவர் சொன்ன கணக்கை எமர்சன் டென்னன்ட் 1859இல் வெளிவந்த தன் இலங்கை நூலில் பதிந்தார். அதன்படி, அடியில் இருந்த மிக அதிக நேரம் 87 விநாடி. மிக அதிக ஆழம் 13 பாகம். சாதாரணமாக 9 பாகம் தண்ணீரில் 55 விநாடிக்கு மேல் போவது அபூர்வம். (ஒரு பாகம் என்பது இரு கைகளையும் விரித்த அளவு, 6 அடி.)

இதில் ஒரு வேடிக்கையைக் கவனியுங்கள். விசுவாசப் பிரமாணத்தை நிதானமாக ஒரு முறை சொல்ல அரை நிமிடம் சொச்சம் ஆகும். இரண்டு முறை என்றால் ஒரு நிமிடத்தை ஒட்டி வரும். ஆக, நிமிடக் கணக்கில் எழுதியவர்களைவிட ஜெபக் கணக்கில் எழுதியவர்தான் உண்மைக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறார்!

6, 7 நிமிடம் மூச்சடக்குவது மனிதனால் முடியாதது அல்ல. 2009இல் பிரான்சின் ஸ்டெஃபான் மிஃப்சுட் 11 நிமிடம் 35 விநாடி மூச்சடக்கினார். ஆனால் அது நீச்சல்குளத்தில் அசையாமல் மிதந்து செய்த சாதனை. ஒரே ஒரு தடவை. முத்துக்குளிப்பவருக்கோ கீழே வேலை இருக்கிறது. மேலே வந்தபின் அடுத்த முறையும் இருக்கிறது.

ஒரு நாளின் கணக்கு

எல்லோரும் கவனிக்கத் தவறியது இந்த 'அடுத்த முறை'யைத்தான்.

ஒரு நாளில் 40 முதல் 50 தடவை மூழ்குவார்கள் என்று பெர்சிவல் எழுதியிருக்கிறார். நிமிடக் கணக்கில் அவர் தாராளம் காட்டியவர்தான் என்றாலும் இந்த எண்ணிக்கை நடக்கக்கூடியதே. நடுவாக 45 என்று வைத்துக்கொள்வோம். ஸ்டூவர்ட்டின் 55 விநாடியையும் 9 பாகத்தையும் எடுத்துக்கொண்டு பெருக்கிப் பார்ப்போம்.

45 தடவை, 55 விநாடி என்றால் 2,475 விநாடி. அதாவது ஒரு காலையில் 41 நிமிடத்துக்கு மேல் மூச்சில்லாமல்.

9 பாகம் என்பது 54 அடி, சுமார் 16.5 மீட்டர். 45 தடவை இறங்கினால் 740 மீட்டர். ஏறியதையும் சேர்த்தால் ஏறக்குறைய ஒன்றரை கிலோமீட்டர், செங்குத்தாக!

அந்த ஆழத்தில் உடலின் மேல் இருக்கும் அழுத்தம் கரையில் இருப்பதைப்போல இரண்டரை மடங்குக்கு மேல். மேலே வரும்போது சிலருக்கு வாய், மூக்கு, காதுகளில் ரத்தம் வந்ததையும், அப்படியிருந்தும் அவர்கள் மறுபடி இறங்கியதையும் பெர்சிவல் குறித்திருக்கிறார். காதும் முகத்தின் காற்றறைகளும் அழுத்தத்தால் காயப்படுவதுதான் இது என்று இன்றைய மருத்துவம் விளக்கும்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுவோம். சூரிய உதயம் முதல் நண்பகல் வரை சுமார் 6 மணி நேரம், 360 நிமிடம். அதை 45ஆல் வகுத்தால் 8 நிமிடத்துக்கு ஒரு முறை மூழ்கல் வருகிறது. அதில் நீருக்குள் இருப்பது ஒரு நிமிடத்துக்கும் குறைவு. சராசரியாக 7 நிமிடம் மேலே. எல்லோரும் அளந்தது அந்த 55 விநாடியை. ஆனால் 45 தடவை மூழ்க முடிந்ததற்குக் காரணம் அந்த 7 நிமிடம்!

களைப்பு எப்போது வருகிறது?

இதற்கு விஞ்ஞான ஆதாரம் வெகு தாமதமாகத்தான் கிடைத்தது. 1962இல் ஷோலண்டர் என்ற உடலியல் விஞ்ஞானியும் குழுவினரும் ஆஸ்திரேலியாவின் டாரஸ் நீரிணையில் முத்துக்குளிப்பவர்களைச் சோதித்து ஆய்வு வெளியிட்டார்கள். மூழ்கியதும் இதயத்துடிப்பு குறைகிறது. கை, கால் தசைகளுக்குப் போகும் ரத்தம் சுருங்குகிறது. மூளைக்கும் இதயத்துக்கும் ஆக்சிஜனை மிச்சம் பிடிக்க உடல் செய்யும் ஏற்பாடு அது. சீல் போன்ற பிராணிகளிடமும் இதே ஏற்பாடு உண்டு.

அப்படியானால் தசை? தன்னிடம் உள்ள சேமிப்பை வைத்துச் சமாளிக்கிறது. சேமிப்பு தீர்ந்தால் லாக்டிக் அமிலம் சேர்கிறது. ரத்த ஓட்டம் குறைவாக இருப்பதால் அது தசைக்குள்ளேயே தேங்கி நிற்கிறது. மேலே வந்து மூச்சு விட்டதும்தான் ரத்தம் பாய்ந்து, தேங்கியதெல்லாம் வெளியே வருகிறது. அதாவது உழைப்பின் கடன் நீருக்குள் ஏறுகிறது, அடைப்பது தோணியில் நடக்கிறது. கடன் அடைவதற்குள் மறுபடி இறங்கினால் பாக்கியோடு பாக்கி சேரும்.

மடங்கிய தொடையோடு ஓடும் பனிச்சறுக்கு வீரருக்கும் இதே சிக்கல்தான். காரணம் மட்டும் வேறு. அதனால்தான் இன்றைய பயிற்சியில் ஓட்ட நேரத்தோடு ஓய்வு நேரத்தையும் எழுதி வைக்கிறார்கள்.

ஓய்வு எவ்வளவு முக்கியம் என்பதற்கு பசிபிக் கடலின் டுவாமோட்டு தீவுகளில் ஒரு சோகமான சான்று உண்டு. அங்கே முத்துச்சிப்பிக்காக 30, 40 மீட்டர் ஆழத்துக்கு, மணிக்கு 6 முதல் 14 தடவை வரை இறங்கினார்கள். தலைசுற்றல், பக்கவாதம், சில நேரம் மரணம். இந்த நோயை அவர்கள் 'தராவானா' என்றார்கள். 1965இல் கிராஸ் என்பவர் வெளியிட்ட குறிப்பின்படி, ஒரே நாளில் 235 பேரில் 47 பேர் பாதிக்கப்பட்டார்கள், 2 பேர் இறந்தார்கள். ஆனால் மங்கரேவா என்ற தீவில் இந்த நோய் இல்லை. அங்கே ஒவ்வொரு மூழ்கலுக்கும் நடுவில் 12 முதல் 15 நிமிடம் விடுவது வழக்கம்!

நம் வளைகுடாவில் ஆழம் அதில் பாதிதான். ஆனால் இங்கேயும் ஓய்வுக்கு ஓர் ஏற்பாடு இருந்தது. ஒரு தோணியில் 10 பேர், கல் 5 மட்டும். இரண்டு பேருக்கு ஒரு கல். ஐந்து பேர் இறங்கி ஏறினால் அடுத்த ஐந்து பேர். இப்படி மாறி மாறி இறங்குவதால் ஒருவருக்கொருவர் இளைப்பாற நேரம் கொடுத்துக்கொள்கிறார்கள் என்பதைப் பெர்சிவலே கவனித்திருக்கிறார். தன் முறை வரும்வரை இறங்க முடியாது. கல்லைப் பங்கு போட்டுக்கொண்டதே ஓய்வுக்கான கடிகாரமாகிவிட்டது. எந்த ஆய்வுக்கூடமும் இல்லாமல் களைப்பைப் பற்றி அந்த மக்கள் அறிந்து வைத்திருந்ததற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

கணக்குப் புத்தகத்தில் இல்லாத வரி

அவர்கள் அறிந்திருந்தார்கள். ஆனால் கணக்கு எழுதியவர்கள்?

கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்கக் கடல் வழிகாட்டி நூலான பெரிப்ளஸ், பாண்டியனின் கொற்கையில் முத்துக்குளித்தவர்கள் தண்டனை பெற்ற குற்றவாளிகள் என்கிறது. குற்றவாளியின் களைப்பை யார் எழுதி வைப்பார்கள்?

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ பங்குக் கணக்கைத் தருகிறார். அரசருக்குப் பத்தில் ஒன்று. சுறா போன்ற மீன்களை மந்திரத்தால் கட்டிப்போடுகிறவர்களுக்கு இருபதில் ஒன்று. இவர்களைத்தான் பிற்காலத்தில் 'கடல்கட்டி' என்றார்கள். பிரிட்டிஷ் காலத்திலும் கடல்கட்டி வராமல் யாரும் தண்ணீரில் இறங்க மாட்டார்கள். சுறா பயத்துக்குக் கணக்கில் ஒரு வரி இருந்தது. களைப்புக்கு வரி இல்லை.

பிரிட்டிஷ் அரசின் கணக்கு இன்னும் துல்லியம். கரை சேர்ந்த சிப்பிகளை எண்ணி மூன்று குவியலாக்குவார்கள். இரண்டு குவியல் அரசுக்கு, ஒன்று மூழ்கியவர்களுக்கு. அரசின் சிப்பி ஆயிரம் இவ்வளவு என்று அன்றே ஏலம் போகும். 1905இல் இலங்கைச் சலாபத்தில் 8 கோடிக்கும் மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன, வருமானம் 25 லட்சம் ரூபாயைத் தாண்டியது. இதைப் பார்த்து மயங்கி 1906இல் ஒரு லண்டன் கம்பெனி 20 வருடத்துக்குப் பார்களைக் குத்தகைக்கு எடுத்தது. சிப்பி வரவில்லை, கம்பெனி நொடித்தது. அது தனிக்கதை.

சிப்பி ஏன் சில வருடம் இல்லாமல் போகிறது என்று கண்டுபிடிக்க 1902இல் பேராசிரியர் ஹெர்ட்மன் வரவழைக்கப்பட்டார். உதவிக்கு வந்தவர் ஜேம்ஸ் ஹார்னெல். 1903 முதல் 1906 வரை ஐந்து தொகுதிகளாக லண்டன் ராயல் சொசைட்டி அந்த அறிக்கையை வெளியிட்டது. சிப்பியின் உடலமைப்பு, அதன் உணவு, அதில் வாழும் ஒட்டுண்ணி என்று எல்லாம் நுண்ணோக்கியில் பார்க்கப்பட்டன. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே இத்தாலியின் டூரின் நகரில் ஆஞ்செலோ மோசோ என்பவர், விரலில் எடையைக் கட்டி இழுக்கச் செய்து தசைக்களைப்பைக் கோடாக வரையும் கருவியைச் செய்திருந்தார். களைப்பை அளக்கும் அறிவு உலகத்தில் வந்துவிட்டது. ஆனால் மன்னார் வளைகுடாவுக்கு அனுப்பப்பட்ட விஞ்ஞானத்தின் வேலை சிப்பியைக் காப்பாற்றுவதுதான்.

காரணம் எளிது. சிப்பி குறைந்தால் அரசுக்கு நஷ்டம். மூழ்குகிறவர் களைத்தால் யாருக்கு நஷ்டம்? அவருக்குத் தினக்கூலி கிடையாது, பங்கு மட்டும்தான். களைத்து இரண்டு நாள் படுத்தால் அவர் பங்குதான் போகும். அந்த இடத்தில் இறங்க இன்னொருவர் கரையில் காத்திருப்பார். செலவு யார் தலையில் விழவில்லையோ அவர் அதை அளக்க மாட்டார். கணக்கியலில் இது பாலபாடம்.

1906 சலாபத்தில் அரசு அதிகாரியாக வேலை பார்த்தவர் லியோனார்ட் உல்ஃப். பின்னாளில் எழுத்தாளராகப் பெயர் பெற்ற அவர், அந்த அனுபவத்தை வைத்து எழுதிய சிறுகதையில் ஓர் அராபிய முத்துக்குளிப்பாளரின் மரணத்தைச் சொல்கிறார். மரணம் கதையிலாவது இடம்பெற்றது. களைப்பு அங்கேயும் ஓரத்தில்தான் நிற்கிறது.

1961க்குப் பிறகு

தூத்துக்குடியில் 1928க்குப் பிறகு 27 வருடம் சலாபமே இல்லை. 1955இல் மறுபடி தொடங்கி 1961 வரை தொடர்ந்து நடந்தது. அதுவே கடைசி. ஷோலண்டரின் ஆய்வு வெளிவந்தது அதற்கு அடுத்த வருடம்! மூழ்குகிறவரின் தசையை எப்படி அளப்பது என்று உலகம் கற்றுக்கொண்டபோது இங்கே அளக்க யாரும் மூழ்கவில்லை.

1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் தூத்துக்குடியில் செயற்கை முறையில் உருண்டை முத்து வளர்த்துக் காட்டினார்கள். அதற்குக் கடலில் மூச்சடக்கி ஆயிரக்கணக்கில் சிப்பி பறிக்கத் தேவையில்லை. மறு வருடம், 1974இல், தூத்துக்குடி பெருந்துறைமுகமானது. பலருக்கு இன்று ஊரின் அடையாளம் கப்பலும் உப்பும்தான்.

ஆனால் மூழ்கும் தொழில் முழுதாகப் போய்விடவில்லை. சங்கு குளிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கம்ப்ரசரிலிருந்து குழாய் வழியாகக் காற்று வாங்கி மூழ்குகிறவர்களும் அவர்களில் உண்டு. காற்று தடையில்லாமல் வருவதால் நீண்ட நேரம் கீழே இருக்கலாம். அதனாலேயே ரத்தத்தில் நைட்ரஜன் கரைந்து, ஏறும்போது குமிழியாகி மூட்டையும் தண்டுவடத்தையும் தாக்கும் ஆபத்தும் அதிகம். கல்லைப் பங்கு போட்டபோது தானாகக் கிடைத்த ஓய்வு இங்கே கிடையாது. ராமநாதபுரம் கரையில் பெண்கள் கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி, பாறையில் வளரும் கடற்பாசியைப் பறிக்கிறார்கள். அவர்களுக்கும் கூலி எடையில்தான். எத்தனை கிலோ என்பதற்கு ரசீது உண்டு, எத்தனை முறை மூழ்கினார்கள் என்பதற்கு இல்லை.

பனிச்சறுக்கு வீரரின் தொடையில் ஒட்டும் கருவியை இவர்களுக்கும் ஒட்ட வேண்டும் என்பதல்ல வாதம். ஒரு நாளில் எத்தனை மூழ்கல், நடுவில் எத்தனை நிமிடம் ஓய்வு என்ற இரண்டு எண்களை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்தாலே போதும். அதற்குப் பெரிய செலவில்லை. ஒரு பேனாவும், மேலே தோணியில் இருப்பவரின் கைக்கடிகாரமும் போதும். தூத்துக்குடி கடற்கரைக்குப் போகிறவர்கள் அங்கே சங்கு குளிக்கிறவர் யாரையாவது சந்தித்தால், எவ்வளவு நேரம் மூச்சடக்குவீர்கள் என்று கேட்பதோடு நிறுத்தாமல், மேலே வந்தபின் எவ்வளவு நேரம் உட்காருவீர்கள் என்றும் கேட்டுப் பாருங்கள்.